காட்டைப் படித்துவிட்டுக் கேமராவை எடுத்தவர் மா. கிருஷ்ணன்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதிக் கொடு தம்பி என்று பேரவைச் செயலாளர் அண்ணன் என்னிடம் கேட்டபோது, எனக்கு முன்னாலேயே காமராஜர், விஸ்வேஸ்வரய்யா, ராமானுஜன், ஜி.டி. நாயுடு என்று எல்லாரையும் ஆளுக்கு ஒருவராக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் யார் இருக்கிறார்கள் என்று யோசித்தேன். கேமராவும் கையுமாகத் திரிகிறவன் என்று எனக்கு வகுப்பில் ஒரு பெயர் உண்டு. ஆகவே கேமராவும் கையுமாகத் திரிந்த ஒரு பெரியவரைப் பற்றியே எழுதிவிடலாம் என்று முடிவு செய்தேன். அவர்தான் மா. கிருஷ்ணன். நம் தமிழ்நாடு தந்த காட்டுயிர்ப் புகைப்படக்காரர்; எழுத்தாளர்; ஓவியர்.

அவரிடம் நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் கொஞ்சம் பணக் கணக்கும் இருக்கிறது.

ஒரு லென்ஸ் ஆசை

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான்தான். அப்பா ஊரில் ஒருத்தரிடம் சம்பளத்துக்கு டிராக்டர் ஓட்டுகிறார். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வேலைக்கு லைட் பிடிக்கப் போவேன். அந்தச் சம்பளத்தைச் சேர்த்துத்தான் ஒரு பழைய டிஜிட்டல் கேமராவும், 200 மி.மீ. வரை போகிற ஒரு சாதாரண ஜூம் லென்ஸும் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன்.

எங்கள் சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருப்பது உங்களுக்குத் தெரியும். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத கொள்ளுக்குடிப்பட்டியும் அங்கேதான் இருக்கிறது. மழைக் காலத்தில் நத்தைகுத்தி நாரை, கொக்கு, அரிவாள்மூக்கன் எல்லாம் கண்மாய் மரங்களில் வந்து அடையும். போன வருஷம் அங்கே போய் என் லென்ஸால் எடுத்துப் பார்த்தேன். நாரை, வெள்ளைப் புள்ளியாகத்தான் விழுந்தது. உடனே எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று. லென்ஸ் பத்தாது. பெரிய லென்ஸ் வேண்டும்!

தெரிந்த ஒருவரிடம் 150-600 லென்ஸை ஒருநாள் இரவல் வாங்கிக்கொண்டு போனேன். விடிகாலை வெளிச்சத்தில் 600-ல் வைத்து, ஷட்டர் 1/160 செகண்டில், கையில் பிடித்தே இருநூறு படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் இருநூறும் ஆட்டம்! வெயில் ஏறியபின் எடுத்தவற்றில் ஆட்டம் இல்லை. ஆனால் கானல் அலையில் பறவையே நெளிந்து கிடந்தது. அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. இரவல் லென்ஸில் ஏதோ கோளாறு, சொந்தமாக வாங்கினால் சரியாகிவிடும் என்று வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தேன். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

அம்மா ஒருநாள் ராத்திரி சாப்பாடு போடும்போது, குழுவில் கடன் எடுத்துத் தருகிறேன், அந்த லென்ஸை வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டார். பழசாக வாங்கினாலே நாற்பத்தைந்தாயிரம் ரூபாய். அம்மா எத்தனை நாள் மண் சுமந்தால் அந்தக் காசு வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. ஆனாலும் ஆசை விடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நம் கல்லூரி நூலகத்தில், சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த மழைக்காலமும் குயிலோசையும் என்ற புத்தகம் கைக்குக் கிடைத்தது. மா. கிருஷ்ணன் தமிழில் எழுதிய கட்டுரைகள். அதற்குப் பிறகு அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடித் தேடிப் படித்தேன். நாற்பத்தைந்தாயிரம் ரூபாய்க் கேள்விக்குப் பதில் அந்த மனிதரின் வாழ்க்கையிலேயே இருந்தது.

பிறப்பும் இளமையும்

கிருஷ்ணன் 1912-ம் ஆண்டு ஜூன் 30-ம் தேதி திருநெல்வேலியில் பிறந்தார். வீட்டில் எட்டுப் பிள்ளைகள், இவர் கடைக்குட்டி. அப்பா யார் தெரியுமா? பத்மாவதி சரித்திரம் என்ற நாவலை எழுதிய அ. மாதவையாதான்! தமிழின் ஆரம்பகால நாவல்களில் ஒன்று அது. மாதவையா அரசாங்கத்தில் உப்பு, சுங்க இலாகாவில் வேலை பார்த்தவர். வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு பெற்று, மயிலாப்பூரில் வீடு கட்டி, பஞ்சாமிர்தம் என்ற பத்திரிகையை நடத்தினார்.

அந்தக் காலத்து மயிலாப்பூர் இன்றைக்கு இருப்பதுபோல் இல்லை. வீடுகளைத் தாண்டினால் புதர், வெட்டவெளி, நரி, பறவை. சிறுவன் கிருஷ்ணனுக்கு அதுதான் முதல் காடு. வீட்டில் ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்தாராம்!

1925-ல் மாதவையா இறந்துபோனார். சென்னைப் பல்கலைக்கழகக் கூட்டத்தில், தமிழைப் பாடமாக வைக்க வேண்டும் என்று பேசிய அன்றே, அங்கேயே அவர் உயிர் பிரிந்தது. கிருஷ்ணனுக்கு அப்போது 13 வயது. அதன்பின் மூத்த அக்காதான் குடும்பத்தைத் தாங்கி அவரை வளர்த்தார்.

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தார். பிறகு மாநிலக் கல்லூரி. அங்கே தாவரவியல் பேராசிரியராக இருந்தவர் ஃபைசன் என்ற வெள்ளைக்காரர். நீலகிரி, பழனி மலைகளின் செடிகொடிகளைப் பற்றி நூல் எழுதியவர். அவரோடு மலைக்குப் போய்ச் செடிகளைப் பார்த்துப் பழகினார் கிருஷ்ணன். ஃபைசனின் மனைவியிடம் நீர்வண்ண ஓவியமும் கற்றுக்கொண்டார்.

இதைக் கவனியுங்கள் நண்பர்களே! கேமரா இன்னும் கதைக்குள் பெரிதாக வரவில்லை. முதலில் செடி, பிறகு ஓவியம். எந்த விலங்கு எந்த இலையைத் தின்னும், எந்த மரம் எந்தக் காலத்தில் காய்க்கும் என்று தெரிந்தால், அந்த விலங்கு நாளைக்கு எங்கே நிற்கும் என்பதும் தெரியும். ஓவியம் பழகியவனுக்கு உருவத்தை எந்தப் பக்கமிருந்து பார்க்க வேண்டும் என்பது தெரியும். பிற்காலத்தில் அவர் எடுத்த படங்களுக்கு முதலீடு இந்த இரண்டும்தான்.

வேலை இல்லாத பட்டதாரி

தாவரவியலில் மேற்படிப்பு, அதன்மேல் சட்டப் படிப்பு. இவ்வளவு படித்தும் மனதுக்குப் பிடித்த நிலையான வேலை அமையவில்லை. பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதினார், படம் வரைந்தார். வந்த வேலைகளைச் செய்தார். நம் சீனியர் அண்ணன்மார்கள் கேம்பஸ் இன்டர்வியூ முடிந்து தொங்கிய முகத்தோடு பஸ் ஸ்டாண்டில் நிற்பார்களே, அவர்கள் இதைப் படிக்க வேண்டும். ஒன்றுக்கு இரண்டு பட்டம் வாங்கிய மனிதரையே காலம் அப்படிச் சுற்றவிட்டிருக்கிறது.

1942-ல் சண்டூர் சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. இன்றைக்குக் கர்நாடகத்தில் பல்லாரிப் பக்கம் இருக்கிற ஊர் அது. அங்கே பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, ராஜாவுக்கு அரசியல் செயலாளர் என்று பல நாற்காலிகளில் மாறி மாறி உட்கார்ந்தார். சண்டூரைச் சுற்றி மலையும் காடும். மனிதர் விடுவாரா? வேலை நேரம் போக மிச்ச நேரமெல்லாம் காட்டில்தான். ஆடு வளர்த்தும் பார்த்தார், புறா வளர்த்தும் பார்த்தார்.

1949-ல் சண்டூர் இந்தியாவோடு சேர்ந்தது. அரசாங்க உத்தியோகத்துக்கு வழி இருந்தும் அவர் போகவில்லை. சென்னைக்கே திரும்பி வந்து, எழுத்தையும் படத்தையும் நம்பிக் குடும்பம் நடத்தத் தொடங்கினார். மாதச் சம்பளம் கிடையாது. பென்ஷன் கிடையாது. எங்கள் ஊரில் இதைச் சொன்னால், மனுஷனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் சொல்வார்கள். எனக்கும் படித்தபோது பக்கென்றுதான் இருந்தது.

ஆனால் 1950-ல் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் கன்ட்ரி நோட்புக் என்ற பத்தியை எழுத ஆரம்பித்தார். அதை 1996-ல் இறக்கும்வரை 46 வருஷம் எழுதினார்! காட்டு யானையைப் பற்றி மட்டுமா? வீட்டுக் கூரையில் ஓடும் அணிலையும் வாசலில் கத்தும் காக்கையையும்கூட அதே அக்கறையோடு எழுதினார். தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கு விலங்குகளைப் பற்றி எழுதிக் கொடுத்தார். கதிரேசன் செட்டியாரின் காதல் என்று ஒரு துப்பறியும் நாவல்கூட எழுதியிருக்கிறார்.

சூப்பர் பாண்டரோசா!

இப்போது கேமராவுக்கு வருவோம்.

கிருஷ்ணன் தோளில் தொங்கிய கருவியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. கேமராவின் உடல் ஒரு கம்பெனி, நீண்ட லென்ஸ் இன்னொரு கம்பெனி, மற்ற பாகங்கள் வேறு எங்கிருந்தோ வந்தவை. எல்லாவற்றையும் அவரே ஒன்றோடொன்று பொருத்திச் சேர்த்துக்கொண்டார். அந்தப் பூதத்துக்கு அவர் வைத்த பெயர் சூப்பர் பாண்டரோசா! பார்த்தவர்கள் சிரித்தார்கள். படத்தைப் பார்த்தபிறகு வாயை மூடிக்கொண்டார்கள்.

நம் ஃபிட்டிங் ஷாப் ஆட்களுக்கு இது நன்றாகப் புரியும். ஒரு கேமராவுக்கு வேறு கம்பெனி லென்ஸை மாட்டுவது என்றால் சும்மா இல்லை. லென்ஸின் பின்பக்கத்துக்கும் ஃபிலிமுக்கும் நடுவே உள்ள தூரம் கொஞ்சம் பிசகினாலும் தூரத்தில் இருப்பது தெளிவாக விழாது. நடுவில் போடும் வளையம் சாய்ந்தால் படத்தின் ஒரு பக்கம் மங்கும். எங்கேயாவது இடுக்கு இருந்தால் வெளிச்சம் புகுந்து ஃபிலிமே பாழ். இதையெல்லாம் சரிக்கட்டி, காட்டின் தூசியிலும் ஈரத்திலும் வேலை வாங்கியிருக்கிறார் ஒரு தாவரவியல் படித்த மனிதர்.

டெலிஃபோட்டோ லென்ஸ் என்பதே 1891-ல் வந்த சங்கதி. இங்கிலாந்தில் டால்மேயர் என்பவரும், ஜெர்மனியில் வேறு சிலரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் செய்தார்கள். முன்னால் குவிக்கும் கண்ணாடித் தொகுதி, பின்னால் விரிக்கும் தொகுதி. இதனால் லென்ஸின் குவியத் தூரத்தைவிடக் குழாயின் நீளம் குறைந்தது. கையில் தூக்க முடிகிற அளவுக்கு வந்தது. ஆனாலும் கிருஷ்ணன் காலத்தில் ஃபோக்கஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். அதிர்வைத் தடுக்கும் வசதியோடு இந்த மாதிரிக் கேமராக்களுக்கு முதல் லென்ஸ் கடைக்கு வந்ததே 1995-ல்தான். அவர் காலமானது 1996-ல்!

அப்படியானால் காட்டு யானையையும் காட்டெருதையும் இவ்வளவு தெளிவாக எப்படி எடுத்தார்? லென்ஸை நீட்டுவதற்குப் பதிலாகத் தூரத்தைக் குறைத்தார். முதுமலையில் வளர்ப்பு யானையின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டு காட்டுக்குள் போவார். காட்டு விலங்குக்கு யானை புதிதல்ல. மனித வாடையை யானை வாடை அமுக்கிவிடும். மேலே ஒரு ஆள் இருக்கிறான் என்று அது பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. யானையின் முதுகில் முக்காலி போட முடியுமா? அது மூச்சு விட்டாலே நாம் ஆடுவோம். எனவே யானை அசையாத அந்த ஒரு நொடிக்காகக் காத்திருந்துதான் பட்டனை அமுக்க வேண்டும். அதற்குமேல் ஃபிலிம் காசு வேறு. என்னைப்போல இருநூறு படம் தட்டிவிட்டு வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கலர் ஃபிலிம் ஊரெல்லாம் பரவிய பிறகும் அவர் கறுப்பு வெள்ளையை விடவில்லை. ஃபிலிமைத் தானே கழுவித் தானே பிரிண்ட் போட்டுக்கொண்டார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இவர் வாழ்க்கையைப் படித்தபின், ராத்திரி நோட்டை எடுத்து ஒரு கணக்குப் போட்டேன். டிப்ளமா படிக்கிறோம், இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

ஃபிலிமில் அல்லது சென்சாரில் விழும் உருவத்தின் அளவு ஏறக்குறைய இவ்வளவுதான்: லென்ஸின் மி.மீ. எண்ணைப் பொருளின் உயரத்தால் பெருக்கி, தூரத்தால் வகுக்க வேண்டும். முக்கால் மீட்டர் உயர நாரை 60 மீட்டர் தள்ளி நிற்கிறது. 600 மி.மீ. லென்ஸில் 7.5 மி.மீ. உயரம் விழும். அதே நாரை 20 மீட்டரில் நின்றால்? என்னிடம் இருக்கிற 200 மி.மீ. லென்ஸிலேயே 7.5 மி.மீ. விழும்! என் கேமரா சென்சாரின் உயரம் சுமார் 16 மி.மீ.தான். ஆக, கிட்டத்தட்ட பாதிப் படத்துக்கு நாரை நிற்கும்.

அதாவது அந்த 40 மீட்டரின் விலைதான் நாற்பத்தைந்தாயிரம் ரூபாய்!

வெளிச்சக் கணக்கையும் பார்ப்போம். லென்ஸின் மேல் 2.8, 4, 5.6 என்று எழுதியிருக்கும் எண்தான் அதன் வாய் எவ்வளவு திறக்கும் என்பதைச் சொல்கிறது. 2.8-ல் போகிற வெளிச்சத்தில் நாலில் ஒரு பங்குதான் 5.6-ல் போகும். 300 மி.மீ. லென்ஸ் 2.8 வரை திறக்க வேண்டும் என்றால் அந்த வாயின் விட்டம் 107 மி.மீ. வேண்டும், 5.6 போதும் என்றால் 54 மி.மீ. கண்ணாடியின் விட்டம் இரட்டித்தால் எடையும் விலையும் எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆட்டத்துக்கும் ஒரு பழைய விதி உண்டு. கையில் பிடித்து எடுக்கும்போது, லென்ஸின் எண் எவ்வளவோ அதன் கீழ் ஒன்று என்ற வேகத்துக்குக் குறையக் கூடாது. 200-க்கு 1/200 செகண்ட், 600-க்கு 1/600. என் கேமராபோல் சின்ன சென்சார் என்றால் அதற்கும் ஒன்றரை மடங்கு வேகமாக, 600-க்கு 1/900. நான் வைத்ததோ 1/160! இரவல் லென்ஸில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு லென்ஸுக்குப் பின்னால் நின்றவனிடம்தான் இருந்தது. அதிலிருந்த அதிர்வு தடுக்கும் சுவிட்சை நான் போடவே இல்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது. போட்டிருந்தாலும் அது நம் கை நடுக்கத்தைத்தான் குறைக்கும். பறக்கிற பறவையையும் பாய்கிற காளையையும் அது நிறுத்தாது. அதற்கு ஷட்டர் 1/1000-க்குப் பக்கம் போயாக வேண்டும்.

நம் கல்லூரிக் கபடிப் போட்டிக்கும் இதே கணக்குத்தான். கோட்டுக்குப் பக்கத்திலேயே உட்காரலாம் என்கிறபோது 600 எதற்கு? 70-200 தாராளம். ஆனால் சாயங்கால வெளிச்சத்தில் 2.8 வரை திறக்கிற லென்ஸாக இருந்தால் பிழைத்தோம். ரெய்டு போகிறவன் எந்தக் காலை ஊன்றித் திரும்புவான் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் இன்னும் பிழைத்தோம். கிருஷ்ணனும் யானையின் காது, தும்பிக்கை, நிற்கிற நிலை இவற்றைப் பார்த்துப் படித்தவர். எந்த யானை முறைத்துவிட்டுப் போய்விடும், எந்த யானை வந்தே தீரும் என்பது அவருக்கு உயிர்ப் பிரச்சினை.

ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. கிட்டே போவது என்றால் எல்லா இடத்திலும் கிட்டே போவது இல்லை. கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கும்போது நாம் நெருங்கினால் தாய்ப் பறவை எழுந்துவிடும். காக்கைக்குக் கொண்டாட்டம், குஞ்சுக்கு வெயில். அங்கே தள்ளி நிற்கத்தான் வேண்டும். நீண்ட லென்ஸ்தான் சரி. இன்றைக்குப் புலிகள் காப்பகத்துக்குள் அனுமதி இல்லாமல் காலை வைக்கவும் கூடாது. கிருஷ்ணனைப்போல் யானையிடம் போகிறேன் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள்! அவருக்குப் பின்னால் எத்தனையோ வருஷக் காட்டு அனுபவம் இருந்தது.

பெருமைகள் தேடி வந்தன

1968-ல் ஜவாஹர்லால் நேரு ஃபெல்லோஷிப் அவருக்குக் கிடைத்தது. தென்னிந்தியாவின் பெரிய விலங்குகளைப் பற்றிக் காடு காடாகச் சுற்றி அவர் செய்த ஆய்வை, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975-ல் நூலாக வெளியிட்டது. 1970-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மத்திய அரசின் வனவிலங்கு வாரியத்தில் உறுப்பினராக இருந்தார். 1973-ல் புலிகள் திட்டம் தொடங்கியபோது அதற்கு வழிகாட்டிய குழுவிலும் இருந்தார்.

குழுவில் நாற்காலி கொடுத்துவிட்டார்கள் என்பதற்காகத் தலையாட்டுகிற ஆள் இல்லை அவர். நம் நாட்டு மரங்களை வெட்டிவிட்டு யூகலிப்டஸ் போன்ற வெளிநாட்டு மரங்களை நட்டால், அது காடு ஆகாது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார். விலங்கைக் காப்பாற்ற வேண்டும் என்றால் முதலில் அது தின்கிற செடியைக் காப்பாற்று என்பது அவர் கட்சி. ஃபைசனோடு மலை ஏறிய அந்த மாணவன் கடைசிவரை மாறவே இல்லை!

1996-ம் ஆண்டு பிப்ரவரி 18-ம் தேதி, 83-ம் வயதில், சென்னையில் காலமானார். அன்றைக்கும் ஸ்டேட்ஸ்மனில் அவருடைய பத்தி வெளிவந்திருந்தது.

அப்பாவின் டிராக்டர்

முதல் வருஷம் ஒர்க் ஷாப்பில் எங்கள் சார் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். டிராயிங்கைப் பார், மெட்டலைப் பார், அளவைப் பார், அப்புறம் டூலைத் தொடு என்பார். டூலை முதலில் எடுத்தவன் ஜாபைக் கெடுப்பான். லென்ஸ் விஷயத்தில் நான் செய்தது அதுதான். நாரை எங்கே மேயும், எப்போது வரும், யாரைக் கண்டால் பறக்கும், யாரைக் கண்டால் பறக்காது என்று ஒன்றும் தெரியாமல், டூலுக்கு அலைந்தேன்.

அம்மாவிடம் கடன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன்டா மனசு மாறிவிட்டாய் என்று கேட்டார். மயிலாப்பூர்க்காரர் ஒருத்தர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றேன். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

அதற்குப் பிறகு நாலைந்து ஞாயிற்றுக்கிழமை கேமரா இல்லாமலேயே போனேன். சும்மா வரப்பில் உட்கார்ந்து பார்த்தேன். கரையில் ஒரு ஆள் நடந்தாலே நாரை எழும்பிவிடுகிறது. ஆனால் தொழி உழவு நடக்கிற வயலில், டிராக்டருக்குப் பின்னாலேயே கொக்குகள் ஓடி ஓடிப் பொறுக்குகின்றன. நாரைகளும் கொஞ்சம் தள்ளி இறங்கி, சேற்றில் கிளம்புகிற நத்தைகளைத் தேடுகின்றன. எஞ்சின் சத்தமும் புகையும் அவற்றுக்குப் பழக்கம். எனக்குச் சட்டென்று முதுமலை யானை ஞாபகம் வந்துவிட்டது!

அடுத்த ஞாயிறு அப்பாவிடம் கேட்டு, அவர் பக்கத்தில் மட்கார்டில் ஏறி உட்கார்ந்தேன். ஓடுகிற டிராக்டரில் எடுத்தால் கை உதறும். ஆகவே வயல் மூலையில் திரும்பும்போது ஒரு நிமிஷம் வண்டியை ஆஃப் பண்ணிவிடுங்கள் என்று அப்பாவிடம் சொல்லிவைத்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் அப்பா நிறுத்தினார். பறவைகள் பறக்கவில்லை. இருபது மீட்டரில் ஒரு நத்தைகுத்தி நாரை. ஷட்டர் 1/1000. அலகுக்கு நடுவில் நத்தை. என் 200 மி.மீ. லென்ஸ்தான்!

அந்தப் படம் நம் துறை நோட்டீஸ் போர்டில் இருக்கிறது. போய்ப் பாருங்கள். பெரிய பத்திரிகைகளில் வருகிற மாதிரி நாரை படம் முழுக்க நிறையவில்லை. சுற்றிலும் சேறு, உழுத தடம், பின்னால் கண்மாய்க் கரை எல்லாம் தெரிகிறது. முதலில் அது குறையாகத்தான் பட்டது. கிருஷ்ணனின் யானைப் படங்களைத் திரும்பப் பார்த்தபோது, அதிலும் யானையைச் சுற்றி மூங்கிலும் புல்லும் மரமும் நிற்பது கண்ணில் பட்டது. அதன்பின் என் படத்தில் குறை தெரியவில்லை. அம்மா அந்தப் படத்தில் நாரையைப் பார்க்கவே இல்லை. கரையில் விரலை வைத்து, இந்த இடத்தில்தான் போன கோடையில் நாங்கள் மண் போட்டோம் என்றார்.

நாளைக்கு வேலைக்குப் போய்ச் சம்பாதித்தால் பெரிய லென்ஸ் வாங்க மாட்டேன் என்று நான் சத்தியம் செய்யவில்லை. கூட்டில் இருக்கும் குஞ்சுகளை எடுக்க அது கட்டாயம் வேண்டும். ஆனால் அன்றைக்குக் கடைக்காரரிடம் எது நல்ல லென்ஸ் என்று கேட்க மாட்டேன். எதை எடுக்கப் போகிறேன், எவ்வளவு தூரத்தில் நிற்பேன், எந்த வெளிச்சத்தில், எத்தனை கிலோவைச் சுமந்து என்று நோட்டில் எழுதிக்கொண்டுதான் கடைப்படி ஏறுவேன்.

தோழர்களே! நம்மில் பல பேர் வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்கிறோம். அது இல்லை, இது இல்லை என்ற பட்டியல் நம்மிடம் நீளமாகவே இருக்கும். அப்பாவைப் பதின்மூன்று வயதில் இழந்து, வேலைக்கு அலைந்து, ஒட்டுப்போட்ட கேமராவோடு 46 வருஷம் எழுதிய ஒருவர் நம் மண்ணில் இருந்தார் என்பதை அந்தப் பட்டியலின் மேலே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.